1.59-ம் 1.60-ம் ஒன்றல்ல: கண்ணாடி லென்ஸ்கள், ஓர் ஒப்பீடு

போன வருடம் கண்ணாடி மாற்றப் போனபோது 1.60 லென்ஸ் கேட்டேன். எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் ஆறு. கவுன்ட்டரில் இருந்தவர், "1.59 ஸ்டாக்ல இருக்கு சார், ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். 0.01 தானே வித்தியாசம் என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

நான்கு நாள் கழித்து, ராத்திரி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதுதான் விஷயம் புரிந்தது. கூரையில் இருந்த டியூப்லைட்டை, தலையை நிமிர்த்தாமல் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தேன். வெள்ளை விளக்கின் ஒரு விளிம்பில் நீலக் கோடு, மறு விளிம்பில் ஆரஞ்சுக் கோடு. தலையை நிமிர்த்தி நேராகப் பார்த்தால் இரண்டும் இல்லை. பழைய கண்ணாடியில் இப்படி ஒருநாளும் கவனித்ததில்லை.

1.59 என்றால் பாலிகார்பனேட். 1.60 என்றால் பெரும்பாலும் தயோயூரித்தேன் வகைப் பிளாஸ்டிக். ஜப்பானின் மிட்சுயி கெமிக்கல்ஸ் நிறுவனத்தின் எம்ஆர்-8 அந்த வகைதான். கடையில் சொல்லும் இந்த எண் ஒளிவிலகல் எண். பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதை மட்டும் அது சொல்லும். எண் கூடினால் லென்ஸ் மெலியும், விலையும் ஏறும். ஆனால் நீலத்தையும் சிவப்பையும் ஒரே அளவு வளைக்கிறதா, தனித்தனியாகப் பிரித்துவிடுகிறதா என்பதைச் சொல்ல இன்னொரு எண் இருக்கிறது. அதுதான் அபே எண். ஜெர்மனியின் ஜெனா நகரத்தில் கார்ல் சைஸுடன் வேலை பார்த்த எர்ன்ஸ்ட் அபேயின் பெயரில் வழங்குவது. இது கூடக் கூட நிறம் பிரிவது குறையும். பாலிகார்பனேட்டுக்கு 30. எம்ஆர்-8க்கு 41. ஒளிவிலகல் எண்ணில் ஒட்டிப் பிறந்தவை போல் இருக்கும் இரண்டும் இதில் இவ்வளவு தள்ளி நிற்கின்றன. கடை பில்லில் இந்த எண்ணை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கட்டாயம் அச்சிட வேண்டும் என்பது என் கட்சி.

நிறம் எவ்வளவு பிரியும் என்ற கணக்கு எளிது. லென்ஸின் நடுவிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தள்ளிப் பார்க்கிறோமோ, அதைப் பவரால் பெருக்கி அபே எண்ணால் வகுக்க வேண்டும். மைனஸ் ஆறில் ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளிப் பார்த்தால் 9. அதைப் பாலிகார்பனேட்டின் 30-ஆல் வகுத்தால் 0.3. எம்ஆர்-8இல் 0.22. பழைய சிஆர்-39 பிளாஸ்டிக்கில் (அபே 58) 0.16. பொதுவாக 0.1-ஐத் தாண்டினால் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும் என்பார்கள். நடுவில் நேராகப் பார்க்கும்போது தூரம் பூஜ்யம், அதனால் எந்த லென்ஸிலும் தொல்லை இல்லை. கடையில் போட்டுப் பார்க்கும் இரண்டு நிமிடத்தில் யாருக்கும் இது தெரியாமல் போவதும் அதனால்தான்.

சரி, அபே எண் இவ்வளவு நல்லதாக இருந்தால் எல்லோரும் சிஆர்-39 போட்டுக்கொள்ளலாமே? மைனஸ் இரண்டு வரை தாராளமாகப் போடலாம். அமெரிக்காவில் 1940-களில் உருவான பிசின் இது. கொலம்பியா ரெசின் வரிசையில் 39-வது என்பதால் அந்தப் பெயர். ஒளிவிலகல் எண் 1.498, அடர்த்தி 1.32. கண்ணாடியின் அடர்த்தி சுமார் 2.5 என்பதால் அதே பவருக்கு ஏறக்குறைய பாதி எடைதான். என் அப்பா கடைசிவரை கண்ணாடி லென்ஸ்தான் போட்டார். கழற்றி வைத்தால் மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பாக இரண்டு குழி இருக்கும். கீறல் விழாது என்பதில் மட்டும் கண்ணாடியை எந்தப் பிளாஸ்டிக்காலும் இன்றுவரை மிஞ்ச முடியவில்லை. ஆனால் கீழே விழுந்தால் போச்சு, அதுவும் முகத்துக்கு முன்னால் உடையும் பொருள். எடையையும் சேர்த்துப் பார்த்தால், அதை இன்று யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சிஆர்-39க்கு மைனஸ் ஆறில் வரும் சிக்கல் தடிமன். சோடாபுட்டி என்று பள்ளிக்கூடத்தில் கேலி கேட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதற்குப் பயந்துதான் 1.67, 1.74 என்று மேலே மேலே போகிறோம். எவ்வளவு மிச்சம் என்று பார்ப்போம். பிரேமின் பக்கவாட்டுக் கையின் உள்பக்கம் 50-18 என்று அச்சிட்டிருக்கும். லென்ஸின் அகலம் 50 மி.மீ., மூக்குப் பாலம் 18. என் இரண்டு கண்மணிகளுக்கு இடையே 62 மி.மீ. 50-ம் 18-ம் சேர்ந்து 68, அதற்கும் 62-க்கும் வித்தியாசம் 6. ஆக, கண்மணிக்கு நேரே வர வேண்டிய லென்ஸின் ஒளிமையத்தை ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. மூக்குப் பக்கம் தள்ள வேண்டும். காதுப் பக்க விளிம்பு மையத்திலிருந்து 28 மி.மீ. தூரத்துக்குப் போய்விடும். அந்த விளிம்பில், நடுத்தடிமனுக்கு மேல் கூடும் தடிமன் சிஆர்-39இல் சுமார் 4.7 மி.மீ., 1.60இல் 3.9, 1.67இல் 3.5, 1.74இல் 3.2.

1.67-ஐ விட்டு 1.74-க்கு ஏறினால் மிச்சமாவது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. விலை ஏறுவதோ எக்கச்சக்கம்.

இப்போது 44-20 பிரேம் ஒன்றை எடுங்கள். மையத்தை 1 மி.மீ. நகர்த்தினால் போதும், விளிம்பு 23 மி.மீ. தூரத்தில்தான். தடிமன் இந்தத் தூரத்தின் வர்க்கத்தோடு கூடுவது என்பதால் எல்லாமே தலைகீழாகிறது. 1.60இல் கூடும் தடிமன் 2.6 மி.மீ. ஆகிவிடும், பெரிய பிரேமில் போட்ட 1.74-ஐவிட மெல்லிசு! சிஆர்-39கூட 3.2-க்கு வந்து 1.74-ஐத் தொட்டுவிடும் (நடுவில் அதற்கு 2 மி.மீ. அளவுக்கு விட வேண்டும் என்பதால் மொத்தத்தில் கொஞ்சம் தடிமன்தான்). முதல்முறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று, பெரிய பிரேமுக்காக இத்தனை வருடம் கொட்டிய பணத்தை நினைத்து எனக்கு மனசே ஆறவில்லை.

1.67-க்கும் 1.74-க்கும் இன்னொரு விலை உண்டு. இரண்டின் அபே எண்ணும் 32 பக்கம்தான், பாலிகார்பனேட்டுக்குக் கொஞ்சம் மேலே. 1.74-இன் அடர்த்தி 1.47, அதனால் மெலிந்த அளவுக்கு எடை குறையாது. வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதும் கூடும்: கோட்டிங் இல்லாத சிஆர்-39இன் இரண்டு பரப்பும் சேர்ந்து 8 சதவீதம் திருப்பி அனுப்பும் என்றால், 1.74 சுமார் 14 சதவீதம். ஆன்டி கிளேர் கோட்டிங் இல்லாமல் இதை வாங்கவே கூடாது. மைனஸ் எட்டு, பத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு இவை நிஜமாகவே வரப்பிரசாதம். மற்றவர்கள் பிரேமைச் சின்னதாக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

ட்ரைவெக்ஸ் பற்றிக் கடைக்காரர்கள் பேசுவதே இல்லை, அதனால் நான் பேசுகிறேன். சிஆர்-39ஐத் தந்த அதே பிபிஜி நிறுவனம் 2001-ல் கொண்டு வந்தது. ஒளிவிலகல் எண் 1.53, அபே 43-45, அடர்த்தி வெறும் 1.11, இங்கே சொன்னவற்றில் மிக லேசானது. உடையாத உறுதியில் பாலிகார்பனேட்டோடு நிற்கும். ரிம்லெஸ் பிரேமுக்கு ஓட்டை போட்டால் விரிசல் விடாது. அந்த இடத்தில் சிஆர்-39 சீக்கிரம் விண்டுவிடும். நான் கேட்ட கடைகளில் ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்க வேண்டியிருந்தது. மைனஸ் மூன்றுக்குள் இருப்பவர்கள் காத்திருந்து வாங்கலாம்.

வாங்கியது பாலிகார்பனேட்டா என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. எல்சிடி லேப்டாப்பில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்து, போலராய்டு கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு, திரை இருளும் வரை தலையைச் சாய்க்க வேண்டும். பிறகு லென்ஸைத் திரைக்கு முன்னால் பிடித்தால், பாலிகார்பனேட்டில் மயில்தோகை மாதிரி வண்ணப் பட்டைகள் ஓடும். உருக்கி அச்சில் அழுத்தி ஊசிபோல் செலுத்திச் செய்யும் லென்ஸ் அது, குளிரும்போது அழுத்தம் உள்ளேயே தங்கிவிடுகிறது. அச்சில் ஊற்றி மணிக்கணக்கில் இறுக விடும் சிஆர்-39இல் அந்தப் பட்டைகள் அநேகமாகத் தெரியாது. என் 1.59-ஐ அப்படிப் பிடித்துப் பார்த்தேன், சந்தேகமே இல்லை. அடுத்த வாரமே 44-20 பிரேமில் 1.60 போட்டுக்கொண்டேன்.

ஆனால் என் மகளுக்குப் பாலிகார்பனேட்தான் வாங்கியிருக்கிறேன். அவளுக்கு மைனஸ் ஒன்றரை. அதே ஒன்றரை சென்டிமீட்டர் ஓரத்தில் கணக்குப் போட்டால் 0.08 கூட வராது, நிறக்கோடு அவள் கண்ணில் படவே படாது. கீறல் விழுகிறது, உண்மை. வருடத்துக்கு ஒருமுறை பவரோடு லென்ஸும் மாறிவிடுகிறது, அதனால் கவலைப்படவில்லை. சாயங்காலம் தெருவில் கிரிக்கெட் ஆடும்போது அவள் நிற்பது விக்கெட் கீப்பராக.