டாக்டரிடம் சர்வே: முன்பணமா, பின்பணமா?

குமரி மாவட்ட டாக்டர்களிடம் ஒரு சர்வே நிரப்பி வாங்க வேண்டும், உங்கள் கையில் கொஞ்சம் நிதியும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஃபார்மோடு முதலிலேயே கொடுப்பதா, நிரப்பித் தந்த பிறகா, குலுக்கலா, பரிசுப்பொருளா? என் ஓட்டு முன்பணத்துக்கு. ஆனால் சொந்தக் கிளினிக் வைத்திருப்பவர்களிடம் மட்டும்.

'பதில் தந்தால் பணம்' என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கூலி பேசுவது போல் ஆகிவிடும். மார்த்தாண்டத்தில் சாயங்காலம் டோக்கன் போட்டு நோயாளி பார்க்கும் டாக்டர், "இருபது நிமிஷத்துக்கு இருநூறு ரூபாயா?" என்று மனக்கணக்குப் போட்டு ஃபார்மை ஓரம் வைத்துவிடுவார். அதே இருநூறு முதலிலேயே வந்துவிட்டால் அது மரியாதை. வாங்கிக்கொண்டு சும்மா இருக்கக் கூசும். 1987இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 20 டாலர் காசோலையை முன்பே அனுப்பியபோது 78 சதவீத டாக்டர்கள் பதில் தந்தார்கள். பிறகு தருகிறோம் என்றபோது 66 சதவீதம்.

வாங்கிவிட்டுப் பதில் தராவிட்டால்? அதற்காகத்தான் காசோலை. பதில் எழுதாதவர்களில் பலர் அதை வங்கியில் போடுவதில்லை. ஜிபேயில் அனுப்பினால் போனது போனதுதான்.

குலுக்கல் டாக்டர்களிடம் எடுபடாது. பேனா, டைரி எல்லாம் மெடிக்கல் ரெப்கள் கொடுத்தே மேசை நிறைந்திருக்கும். மார்த்தாண்டம் தேன் பாட்டில் கொடுத்தால் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி, குழித்துறை அரசு மருத்துவமனை போன்ற இடங்களில் பணப்பேச்சே வேண்டாம். அரசு ஊழியர் நடத்தை விதிகள் குறுக்கே நிற்கும். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் சங்கடம். அங்கே டீனிடமோ தலைமை மருத்துவரிடமோ அனுமதிக் கடிதம் வாங்கி, ஒரே பக்கக் கேள்வித்தாளோடு ஓபி முடியும் நேரத்தில் நேரில் போய் நிற்பதுதான் வழி.

அப்புறம், பணம் யாருடையது என்பது தொகையைவிடப் பெரிய விஷயம். மருந்துக் கம்பெனிகளிடம் டாக்டர்கள் பணமோ பரிசோ வாங்கக் கூடாது என்று 2009இல் மருத்துவ கவுன்சிலின் நடத்தை விதிகளில் திருத்தம் வந்தது. உங்கள் நிதி அந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்றால் முன்பணம், பின்பணம் என்ற கேள்வியே எழாது. கல்லூரி நிதி என்றால் தொகையையும் எழுதி நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதல் வாங்குங்கள், பணம் யாருடையது என்பதைக் கவர் லெட்டரின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். நினைவூட்டல் போனை மதியம் போடுங்கள். சாயங்காலம் எடுப்பவர் டோக்கன் கொடுக்கும் அக்காவாகத்தான் இருப்பார்.