கமிஷன் ஓவியம்: ஏழு வருடத்துக்குப் பிறகு

பள்ளியில் கூடப் படித்த நண்பன் இந்த அக்டோபரில் நியூயார்க் வருகிறான். அதே வாரத்தில்தான் காமிக் கான் என்ற காமிக்ஸ் திருவிழா என்று தெரிந்ததும் கேட்டான்: "டேய், கமிஷன்னு சொல்லி அங்கேயே உக்காந்து நாம கேட்டத வரைஞ்சு தருவாங்களாமே, 200 டாலர் குடுக்கலாமா? இல்ல பிரிண்ட் போதுமா?"

வாட்ஸ்அப்பில் ஒரு வரியில் பதில் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் ஹாலுக்கு பெயின்ட் அடிக்க சுவரிலிருந்த படங்களையெல்லாம் கழற்றியிருந்தேன். அதில் ஒன்றைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை.

2018 அக்டோபர், காமிக் கான் நடக்கும் ஜாவிட்ஸ் சென்டர். ஓவியர்கள் வரிசையாக மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் ஆர்ட்டிஸ்ட் ஆலியில் ஒருவரிடம் 150 டாலர் கொடுத்துப் பெயர் எழுதிக்கொண்டேன். என்ன வரைய வேண்டும் என்றார். எல்லாரும் கேட்கும் பேட்மேனையும் ஸ்பைடர்மேனையும் கேட்க எனக்கு மனம் வரவில்லை. இரும்புக்கை மாயாவி என்றேன். 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்தவன். எங்கள் காலத்தில் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்துதான் கிடைப்பான். பிறந்தது என்னவோ பிரிட்டனில், 1962-ல். அந்த அமெரிக்க ஓவியருக்கு அவனைத் தெரியவில்லை. போனில் படம் காட்டி விளக்கினேன்: மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக் கை மட்டும் கண்ணுக்குத் தெரியும்.

அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நான் சொன்னதைக் கேட்டார். அப்புறம், "மறைந்துகொண்டிருக்கும் நேரத்தில் வரையட்டுமா?" என்றார். உடம்பை வெளிக்கோடே இல்லாமல் மார்க்கர் வண்ணத்தில், கையை மட்டும் பிரஷும் இண்டியன் இங்க்கும் கொண்டு. ஞாயிறு மாலை வாங்கிக்கொள்ளச் சொன்னார். போய் வாங்கினபோது எனக்குப் பேச்சு வரவில்லை. நீல கோட், முகத்தில் மஞ்சள் விளக்கொளி, கீழே ஒவ்வொரு கணுவும் பளபளக்கும் அந்தக் கை.

இப்போது பெயின்டருக்காகக் கழற்றியபோது சட்டத்தின் பின்பக்கத்தைத் திறந்தேன். மவுண்ட் அட்டையைத் தூக்கினால், அது மூடியிருந்த அரை அங்குல விளிம்பில் மட்டும் அந்த நீலம் அப்படியே இருக்கிறது. அதற்கு உள்ளே இருப்பது துவைத்துத் துவைத்து வெளுத்த வேட்டிக் கரை போல ஒரு சாம்பல். முகத்தின் மஞ்சள் போயே போய்விட்டது. தினமும் பார்க்கிற கண்ணுக்கு ஏழு வருடமாக இது தெரியவே இல்லை. இங்க்கில் வரைந்த கை மட்டும் நேற்று வரைந்தது போல நிற்கிறது. கதையில் இருப்பதுபோலவே ஆள் மறைந்து கை மிஞ்சிவிட்டது என்று மனைவி சொன்னாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

காரணம் எளிது. அவர் பயன்படுத்திய ஆல்கஹால் மார்க்கரில் இருப்பது கரையும் சாயம், பிக்மென்ட் என்கிற நிறத்துகள் இல்லை. வெளிச்சம் பட்டால் சாயம் வெளுக்கும். நேர் வெயில்தான் வேண்டும் என்றில்லை, ஜன்னல் வெளிச்சமே போதும். இண்டியன் இங்க்கில் இருப்பது கரி, அதை வெளிச்சம் ஒன்றும் செய்யாது. யூவி தடுக்கும் கண்ணாடி போட்டிருந்தால் வெளுப்பது கொஞ்சம் தள்ளிப்போயிருக்கும், நின்றிருக்காது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் சாயத்தைத் தின்னும்.

இதெல்லாம் ஓவியர்களுக்குத் தெரியாததா? "வெளிச்சத்தில் மாட்டாதீர்கள்" என்று படத்தைக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அன்று அவர் எத்தனை பேருக்கு வரைந்தார் என்பதையும் நான் பார்த்தேன். நாலு நாள், காலையிலிருந்து கதவு மூடும்வரை, வருகிறவரோடெல்லாம் பேசிக்கொண்டே கை ஓயாமல் வரைகிறார்கள். என் படத்தை நீட்டிய கையில், வலிக்குக் கட்டும் மணிக்கட்டுப் பட்டை இருந்தது.

அடுத்த வருடம் இன்னொரு மேஜையில் 80 டாலருக்கு வாங்கிய அசல் பக்கம் வேறு கதை. அச்சில் வந்த ஒரு காமிக்ஸின் உள்பக்கம், அச்சுக்காக ஓவியர் கையால் வரைந்த அதே தாள். நாயகன் இல்லாத பக்கம், அதனால்தான் அந்த விலை. அட்டைப்படத்துக்கும் ஒரே படம் பக்கம் முழுக்க வரும் ஸ்பிளாஷ் பக்கத்துக்கும் ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். இதில் இருப்பது மழை, ஒரு பஸ் ஸ்டாப், குடையை மடக்கும் ஒரு பெண். வசனத்தை இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் சேர்ப்பதால் பலூன் வர வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. 11க்கு 17 அங்குல பிரிஸ்டல் அட்டை, அதாவது படம் வரையும் கெட்டித் தாள். சாய்த்துப் பிடித்தால், கறுப்பு நிரப்ப வேண்டிய இடங்களில் பென்சிலில் போட்ட பெருக்கல் குறி இங்க்குக்கு அடியில் மினுங்குகிறது. மழைச் சாரலுக்கு வெள்ளைப் பெயின்டை டூத்பிரஷில் தொட்டுக் கட்டைவிரலால் தெறிக்கவிட்டிருக்கிறார். அச்சில் அது வெறும் புள்ளி. அட்டையில் விரலை வைத்தால் ஒவ்வொரு துளியும் தட்டுப்படுகிறது. ராத்திரி எல்லாரும் தூங்கினபின் சில நாள் இதை எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இதுவரை சலிக்கவில்லை.

இப்படிப்பட்ட பக்கங்கள் ஓவியர் கையில் இருப்பதே சும்மா வந்ததல்ல. 1970-களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவின் பெரிய பதிப்பகங்கள் அசல் பக்கங்களைப் பொதுவாகத் திருப்பிக் கொடுத்ததில்லை. மார்வெலின் பல நாயகர்களை உருவாக்கிய ஜாக் கிர்பி போன்ற மேதையே வருடக்கணக்கில் போராடி 1987-ல்தான் தன் பக்கங்களில் ஒரு பகுதியை வாங்கினார். அதனால் டீலரிடம் வாங்குவதைவிட வரைந்தவர் மேஜையிலேயே வாங்குவது எனக்குப் பிடிக்கும்.

நண்பா, வாங்கும் முன் ஒன்று கேட்டுக்கொள். இப்போது நிறையப் பேர் முழுக்க டிஜிட்டலில் வரைகிறார்கள், அவர்களிடம் அசல் என்று ஒன்றுமே இருக்காது. சிலர் பென்சிலை ஸ்கேன் செய்து வெளிர்நீலத்தில் அச்செடுத்து அதன்மேல் இங்க் போடுகிறார்கள். அப்போது பென்சில் பக்கம் ஒன்று, இங்க் பக்கம் ஒன்று, ஒரே பக்கத்துக்கு இரண்டு அசல். எதை விற்கிறார் என்று வெளிப்படையாகக் கேள், தப்பாக நினைக்க மாட்டார்கள். அமிலம் இல்லாத உறை ஒன்றும் கெட்டி அட்டை ஒன்றும் கையோடு கொண்டுபோ. ஃபிளைட்டில் சுருட்டி எடுத்துப்போகும் எண்ணம் வேண்டாம்.

சரி, என் பதில்: 200 டாலர் இருந்தால் அசல் பக்கம் வாங்கு. கமிஷன் வேண்டாம், அதுவும் கலர் மார்க்கர் கமிஷன் வேண்டவே வேண்டாம். என் அனுபவத்தில் அந்த 150 டாலர் வெளிச்சத்தோடு போனது.

இதை எழுதி முடித்தபின் அந்த வெளுத்த படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். உலகத்தில் யாரும் வரையாத மாயாவி அவன். நான் சொல்ல, ஒருவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டு வரைந்தது. பஸ் ஸ்டாப் பக்கம் எவ்வளவு பிடித்தாலும் அது எனக்காக வரைந்ததில்லை.

அதே ஓவியர் இந்த முறையும் வருகிறார். நேற்று ராத்திரி மெயில் போட்டு, கமிஷன் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டேன். அதே மாயாவி, அதே நிலை. இந்தத் தடவை முழுக்க இண்டியன் இங்க். வெளுத்ததையும் கொண்டுபோய் அவரிடம் காட்டப்போகிறேன். வியாழக்கிழமை காலை கதவு திறக்கும்போது நான் வரிசையில் நிற்பேன், நீயும் வா.