ஒரே விளக்கு, மூன்று நிழல்: ரெம்பிராண்டா, பட்டர்ஃபிளையா, லூப்பா?

போர்ட்ரெய்ட் எனும் முகப்படம் எடுக்க ஒரு சாஃப்ட்பாக்ஸும் (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி மாட்டிய விளக்கு) ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையும் போதும். விளக்கை எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் படமே மாறும். சரியான இடம்தானா என்று மூக்கின் நிழலே சொல்லிவிடும்.

ரெம்பிராண்ட், பட்டர்ஃபிளை, லூப் என்ற மூன்று ஒளியமைப்புகளில் கடினமானது ரெம்பிராண்ட். விளக்கை முகத்துக்குப் பக்கவாட்டில் சுமார் 45 டிகிரியில், கண்மட்டத்துக்கு நன்றாக மேலே வைத்துக் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். மூக்கின் நிழல் கன்னத்தின் நிழலோடு சேர்ந்து, இருண்ட பக்கக் கண்ணுக்குக் கீழே முக்கோணமாக வெளிச்சம் மிஞ்ச வேண்டும். அந்த முக்கோணம் கண்ணைவிட அகலமாகவோ மூக்கைவிட நீளமாகவோ இருக்கக் கூடாது. நிழல்கள் சேராவிட்டால் விளக்கை இன்னும் பக்கவாட்டில் தள்ளுங்கள், அல்லது உயர்த்துங்கள். முக்கோணமே காணாமல் போனால் பக்கவாட்டில் அதிகம் தள்ளிவிட்டீர்கள் என்று பொருள். இருண்ட பக்கக் கண்ணில் ஒளிப்புள்ளி இல்லையென்றால் விளக்கு உயரம் கூடிவிட்டது. மூக்குத்தண்டு தாழ்ந்த முகங்களில் நிழல் எளிதில் எட்டாது. அங்கே விளக்கை நகர்த்துவதைவிட முகத்தை விளக்கிலிருந்து சற்றுத் திருப்பச் சொல்வது சுலபம்.

வெள்ளைச் சுவர் வைத்த சின்ன அறையில் பலருக்கும் ரெம்பிராண்ட் வராமல் போவதற்குக் காரணம் விளக்கல்ல, சுவர். எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் நிழலை வெளுக்கச் செய்துவிடும். இருண்ட பக்கத்தில் முகத்துக்கு அரை மீட்டர் தள்ளி ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் நிழல் திரும்ப வரும். சுருக்கம் விழுந்த முதிய முகத்துக்கு இதைவிடச் சிறந்த ஒளியமைப்பு இல்லை.

பட்டர்ஃபிளையில் விளக்கு கேமராவுக்கு நேர் மேலே இருக்கும். மூக்கின் நிழல் அதன் அடியிலேயே விழும். 1930களில் ஹாலிவுட்டின் பாரமவுண்ட் ஸ்டுடியோ நடிகை மார்லீன் டீட்ரிச்சைக் காட்டிய முறை இது. கன்ன எலும்பு எடுப்பாகத் தெரியும், தோல் மென்மையாக வரும். மணப்பெண் படங்களுக்குப் பொருத்தம். நிழல் மேலுதட்டைத் தொட்டால் மீசை போலத் தெரியும்; விளக்கைக் கொஞ்சம் இறக்குங்கள். குழிந்த கண்களுக்கு இது ஆகாது. வேறு வழியில்லை என்றால் மார்பு மட்டத்தில் தெர்மாகோலைக் கிடைமட்டமாகப் பிடித்துக் கண்குழிக்குள் வெளிச்சத்தைத் திருப்பிவிடுங்கள். வட்ட முகத்தை இது இன்னும் அகலமாகக் காட்டும். அவர்களுக்கு ரெம்பிராண்டே மேல்.

லூப்பில் விளக்கு 30 டிகிரி அளவே பக்கம் போகும். மூக்கின் நிழல் சின்னதாகச் சாய்ந்து, கன்னத்தின் நிழலைத் தொடாமல் நிற்கும். தலையைக் கொஞ்சம் அசைத்தாலும் கெடாது என்பதால் பாஸ்போர்ட் அல்லாத அலுவலகப் படங்களுக்கு யோசிக்காமல் இதையே எடுக்கலாம். கண்ணாடி போட்டவர் என்றால் விளக்கை உயர்த்துங்கள்; பிரதிபலிப்பு போகாவிட்டால் கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேலே சற்றுத் தூக்கி வைக்கச் சொல்லுங்கள்.

எந்த முறையானாலும் சாஃப்ட்பாக்ஸ் முகத்துக்கு ஒரு மீட்டருக்குள் இருப்பது நல்லது. இரண்டு மீட்டருக்குத் தள்ளினால் வெளிச்சம் ஏறக்குறைய கால் பங்காகும், நிழலின் ஓரமும் கடினமாகும். கறுத்த முகம் சட்டகத்தை நிறைக்கும்போது கேமராவின் ஆட்டோ அளவீடு அதைச் சாம்பலாக வெளுக்கப் பார்க்கும். அரை முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறையுங்கள், நிறம் நிறமாகவே வரும்.