பரிசல் விளையாட்டுக்கு யாரை அழைப்பது: பாட்டியையா, தோழனையா?

ஓசூரில் வேலைக்குப் போகும் பெற்றோரின் சிறு பிள்ளைகளை என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். வீடியோ அழைப்பில் அவர்களை விளையாட விடுவதற்கு மூன்று வழிகள் உண்டு: பென்னாகரத்துப் பாட்டியை அழைப்பது, கிருஷ்ணகிரியில் இதேபோல் பிள்ளைகளைப் பார்க்கும் வீட்டிலிருந்து ஒரு பிள்ளையை அழைப்பது, நான்கைந்து வீடுகளை ஒரே அழைப்பில் சேர்ப்பது.

கடைசி வழி வேண்டவே வேண்டாம். சின்னச் சின்னக் கட்டங்களில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று மூன்று வயதுக்குப் புரிவதில்லை. எல்லாரும் சேர்ந்து கத்துவார்கள். விளையாட்டு தொடங்கவே தொடங்காது.

பாட்டியின் பலம் பொறுமை. பேத்தி சொப்பில் சமைத்து நீட்டினால், வாங்கிச் சாப்பிடுவதுபோல் செய்து, "உப்புக் கொஞ்சம் குறைகிறதே" என்பார். பிள்ளை உப்புத் தேட ஓடும். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், 24 முதல் 30 மாதக் குழந்தைகள் நேரடி வீடியோ அழைப்பில் புதிய வினைச்சொற்களைக் கற்றுக்கொண்டார்கள். பதிவுசெய்த வீடியோவில் கற்கவில்லை. எதிரில் இருப்பவர் பிள்ளைக்கு ஏற்றபடி பதில் சொல்வதுதான் வேறுபாடு. ஆனால் "சாப்பிட்டாயா? ஒரு பாட்டுப் பாடு" என்று பாட்டி கேள்வி கேட்க ஆரம்பித்தால் விளையாட்டு அங்கேயே முடிந்துவிடும். அதை அவரிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

தோழனோடு விளையாடுவது இதைவிடக் கடினம், பலனும் அதிகம். ஒகேனக்கல் பரிசல் ஓட்டும் விளையாட்டில் இருவருமே பரிசல்காரராக வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். அந்தச் சண்டையைத் தாங்களே பேசித் தீர்ப்பதுதான் எனக்கு மிக முக்கியம். பாட்டி எல்லாவற்றுக்கும் விட்டுக்கொடுத்துவிடுவார். இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரிப் பொருள் வேண்டும்: உட்கார ஒரு பிளாஸ்டிக் தொட்டி, துடுப்புக்கு ஓர் அகப்பை. போனைக் கையில் பிடிக்காமல், தரை முழுதும் தெரியும்படி சுவரோரம் சாய்த்து வையுங்கள். பேச்சு அறுந்தால் பெரியவர் ஒரு வரி எடுத்துக் கொடுத்தால் போதும்: "அவன் கரையில் நிற்கிறானாம், ஏற்றிக்கொள்கிறாயா?"

மூன்று வயதுக்குப் பாட்டி, நான்கைக் கடந்தபின் தோழன் என்பதே என் தேர்வு. இந்தியக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2021 வழிகாட்டுதலின்படி, இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு உறவினரோடு எப்போதாவது பேசும் வீடியோ அழைப்பு தவிர வேறு திரையே கூடாது. இரண்டு முதல் ஐந்து வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள். அந்த மணிக்குள் இதற்குக் கால் மணி நேரம் போதும். பிள்ளை நடுவில் தொட்டியை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனால் திரும்பக் கூப்பிடாதீர்கள், அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.