தகுதி இருக்கிறது, இடம் கிடைக்குமா? பல்கலைக்கழக அனுமதிக் கைநூலும் இணைய விண்ணப்பமும்

உயர்தரப் பெறுபேறு வந்த அன்று திருகோணமலையில் எந்த வீட்டுப் படியேறினாலும் முதலில் காதில் விழுவது "எத்தனை ஏ?" என்ற கேள்விதான். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் அனுமதிக் கைநூலைத் திறந்தால், அந்தக் கேள்விக்கு அங்கே பெரிய வேலை இல்லை. மூன்று பாடத்திலும் குறைந்தது எஸ் (சாதாரண சித்தி), உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி, அதுவும் மூன்று தடவைக்குள். இவ்வளவு இருந்தால் விண்ணப்பிக்கத் தகுதி வந்துவிடும். ஆனால் தகுதி வேறு, தெரிவு வேறு. தெரிவைத் தீர்மானிப்பது இசட் புள்ளியும் மாவட்டமும் பிள்ளை எழுதிக்கொடுக்கும் விருப்ப வரிசையும்தான். கைநூல் இந்த மூன்றையும் சரியாகவே சொல்கிறது. தமிழிலும் கிடைக்கிறது. குறை என்னவென்றால், பாடநெறி விவரங்களின் குவியலுக்குள் இந்த விதிகள் அமுங்கிப்போகின்றன.

இசட் புள்ளி 2001 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால், அதாவது புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவால், வகுப்பார்கள். மூன்று பாடத்துக்கும் இப்படிக் கணித்து, கூட்டி, மூன்றால் பிரிப்பார்கள். ஒரு பாடத்தில் 60 புள்ளி, சராசரி 50, நியம விலகல் 15 என்று வைத்துக்கொள்வோம்: 0.6667 வரும். இன்னொன்றில் 70 புள்ளி, சராசரி 66, விலகல் 10 என்றால் வருவது 0.4000 மட்டுமே. பத்துப் புள்ளி கூட எடுத்த பாடம்தான் குறைவாகத் தருகிறது. இரண்டு ஏ எடுத்த பிள்ளையை ஒரு ஏ எடுத்த பிள்ளை முந்துவது இதனால்தான். அதில் மோசடி எதுவும் இல்லை. கணிப்பு பிழைத்த ஆண்டும் உண்டு. 2011 பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டக்காரரை ஒன்றாகச் சேர்த்துக் கணித்த இசட் புள்ளியை உயர் நீதிமன்றம் 2012இல் செல்லாதென்றது.

அடுத்தது மாவட்டம். பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 சதவீதம் சனத்தொகை விகிதப்படி மாவட்டங்களுக்கு, மீதி 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று. 1970களில் தமிழ் மாணவரின் பல்கலைக்கழக வாய்ப்பைக் குறைத்த தரப்படுத்தல் என்ற சொல் நம்மவருக்கு இன்னும் வலிக்கும் சொல்தான். ஆனாலும் இன்றைய கணக்கில் மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பிள்ளைகளுக்கு இந்த 5 சதவீதம் ஒரு வாசல். சில பாடநெறிகளுக்கு மாவட்டப் பங்கே கிடையாது, முழுக்கத் திறமை வரிசைதான். எது எதற்கு என்று கைநூலில் பார்த்துவிட்டே கணக்குப் போட வேண்டும்.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது: மாவட்டம் என்பது அடையாள அட்டையில் உள்ள முகவரி அல்ல. பரீட்சைக்கு முந்திய ஆண்டுகளில் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தார் என்பதே கணக்கு. சாதாரண தரம் முடித்துக் கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ மாறிய பிள்ளை, கைநூலின் மாவட்ட விதியை வரி விடாமல் வாசிக்க வேண்டும். டியூஷனுக்குப் போன ஊர் கணக்கில் வராது. சேர்ந்த திகதி, விலகிய திகதி இரண்டையும் போட்டு அதிபர் தரும் கடிதத்தை ஒவ்வொரு பாடசாலையிலிருந்தும் முன்கூட்டியே எடுத்து வைப்பது நல்லது. இரண்டு கடிதங்களுக்கிடையில் சில மாதம் விடுபட்டாலே கேள்வி வரும்.

பெறுபேற்றுத் தாளில் உள்ள மாவட்ட நிலை, அந்தப் பிரிவில் பிள்ளை நிற்கும் இடம். "நிலை 40, மருத்துவம் கிடைக்குமா?" என்றால், முன்னால் நிற்பவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. கைநூலில் போன தடவை வெட்டுப்புள்ளி, அதாவது இடம் கிடைத்த ஆகக் குறைந்த இசட் புள்ளி, அட்டவணையாகவும் இருக்கிறது. அதில் திருகோணமலைக்கு நேரே இலக்கத்துக்குப் பதில் என்.கியூ.சி. என்று இருந்தால், அந்த மாவட்டத்தில் அப்பாடநெறிக்குத் தகுதியான விண்ணப்பதாரி இல்லை என்று பொருள். பாடநெறி மூடப்பட்டதாக எண்ணிவிடக் கூடாது.

இந்த அட்டவணையை வைத்து விருப்ப வரிசையைக் குறுக்குவதுதான் பெரிய தவறு. பாடநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்தது ஒரு யுனிகோட். மேலிருந்து கீழாகப் பார்த்து, இசட் புள்ளி எட்டும் முதல் யுனிகோட்டைத் தருவார்கள். அதற்குக் கீழே உள்ளவை அத்தோடு போய்விடும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை கோணேசபுரி வளாகத்தின் ஒரு விஞ்ஞானப் பாடநெறியைப் "பாதுகாப்புக்கு" முதலாவதாகவும் பேராதனைப் பொறியியலை இரண்டாவதாகவும் போட்டால், பொறியியலுக்குப் புள்ளி போதுமாயிருந்தாலும் கிடைப்பது முதலாவதுதான். எட்டாதது மேலே இருப்பதால் நட்டமில்லை. உண்மையாக விரும்பும் வரிசையிலேயே எழுத வேண்டும். வெட்டுப்புள்ளி ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

சில பாடநெறிகள் சாதாரண தர ஆங்கிலத்திலோ கணிதத்திலோ சி கேட்கும். கட்டடக்கலை போன்றவற்றுக்குத் தனியாக உளச்சார்புப் பரீட்சை உண்டு. அதற்குப் பல்கலைக்கழகத்திலும் விண்ணப்பிக்க வேண்டும். இதை விட்டவருக்கு எவ்வளவு உயர்ந்த இசட் புள்ளியும் உதவாது.

இணைய விண்ணப்பம் மெதுவாக, பொறுமையோடு நிரப்பினால் சிக்கலில்லாதது. சிக்கல் வருவது கொமியுனிகேஷன் கடையில் அவசரமாக நிரப்பும்போது. கடைக்காரரின் மின்னஞ்சலையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்துவிட்டால், பிறகு வரும் அறிவித்தல் எல்லாம் அவருக்கே போகும். சொந்த மின்னஞ்சல், பரீட்சைத் தாளில் உள்ளபடியே பெயர், சுட்டெண், அடையாள அட்டை இலக்கம். யுனிகோட் வரிசையை வீட்டிலேயே தாளில் எழுதி, திரையில் ஒவ்வொன்றாக ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். அனுப்பியதும் ஒரு பிரதி அச்செடுத்து, அதிபர் கடிதங்களோடு ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். மேன்முறையீடு செய்ய நேர்ந்தால் முதலில் தேட வேண்டியது அந்தக் கோப்பைத்தான்.