டி-சட்டை அளவை மட்டும் கேட்டார்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அலுவலகம். கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, மேலே வெளிநாட்டுத் தொண்டூழியப் பயணம் ஏற்பாடு செய்யும் ஏஜென்சி. அவர்கள் மேல் நான் போட்ட மனு விசாரணைக்கு வரவிருப்பதால் பெயர் போடவில்லை. ஆனால் இந்த வருடமும் அதே போஸ்டர் வாட்சாப் குழுக்களில் சுற்றுகிறது. போன வாரம் என் அத்தை மகளே அதை எனக்கு அனுப்பி, "போலாமாக்கா?" என்று கேட்டாள். அவர்கள் மூலம் ஏற்கெனவே போய்வந்தவள் நான், அதனால்தான் எழுதுகிறேன்.

காத்மாண்டுவில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் தங்கியிருக்கும் இல்லத்தில் நான்கு வாரம், 6,800 வெள்ளி (ரிங்கிட்). விமான டிக்கெட்டும் விசாவும் நம் செலவு. பயிற்சி, தங்குமிடம், இல்லத்துக்கு நன்கொடை எல்லாம் அடக்கம் என்றார்கள். பாரத்தில் டி-சட்டை அளவு கேட்டிருந்தது. சைவமா அசைவமா என்று கேட்டிருந்தது. என் மேல் போலீஸ் வழக்கு உண்டா, இதற்கு முன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பழக்கம் உண்டா, என்னைப் பற்றி யாரிடம் விசாரிக்கலாம், ஒன்றுமே இல்லை. அப்போது எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

விசா பற்றிக் கேட்டதற்கு ஏஜென்சியில் இருந்த அண்ணன், "டூரிஸ்ட் விசா போதும் தங்கச்சி. ஏர்போர்ட்ல கேட்டா சுத்திப் பாக்க வந்தேன்னு சொல்லுங்க" என்றார். நேபாளத்தில் சுற்றுலா விசாவை வைத்துக்கொண்டு சம்பளமில்லாத வேலைகூடச் செய்யக் கூடாது. 50 அமெரிக்க டாலர் கட்டி 30 நாள் விசா வாங்கியபோது எனக்கு அது தெரியாது. மாட்டியிருந்தால் நான் மாட்டியிருப்பேன். அவர் இங்கே தே தாரிக் குடித்துக்கொண்டிருப்பார்.

பயிற்சி? விமான நிலையத்திலிருந்து போகும் வேனில் பத்து நிமிடப் பேச்சு. மோமோ எங்கே நன்றாக இருக்கும் என்பதுவரை சொன்னார்கள்.

மறுநாள் காலை பசியாறும் நேரம். கையில் ஒரு கிண்ணம் ஜாவுலோவைக் கொடுத்து (அரிசியும் பருப்பும் குழைய வேகவைத்த கஞ்சி) ஒரு பையனைக் காட்டினார்கள். எட்டு வயது இருக்கும். பெருமூளை வாதம், கழுத்து நிற்காது. படுத்திருந்தான். நானும் படுத்தபடியே ஊட்டினேன். மூன்றாவது கரண்டியில் புரையேறியது. இருமக்கூட முடியாமல் கண்ணில் நீர் வழிந்து, உதடு நீலம் பாரித்துவிட்டது. அடுப்படியிலிருந்து ஒரு தீதி (நேபாளத்தில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஓடி வந்து அவனை முன்னால் சாய்த்துப் பிடித்தார். மூச்சு வந்தது. அப்புறம் என் கையைப் பிடித்துக் காட்டினார்: நிமிர்த்தி உட்காரவை, முதுகுக்கு முட்டுக்கொடு, தாடையைச் சற்றுத் தாழ்த்து, கரண்டி நுனியில் கொஞ்சம், தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு அடுத்த வாய். ஒரு கிண்ணத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சாப்பாடு மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரும், உயிருக்கே ஆபத்து. தீதிக்கும் எனக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. இருந்தும் ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியைக் குளிப்பாட்டச் சொன்னார்கள். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவளால் பேச முடியாது, சுவர்ப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டாள். எனக்கு முன் எத்தனை பேர் வந்தார்கள், ஆணா பெண்ணா, யாரை யாரோடு விட்டார்கள் என்று கேட்டேன். ஏஜென்சியிடம் கணக்கு இருக்கும் என்றார் இல்லத்துப் பொறுப்பாளர். ஏஜென்சிதான் என்னிடமே ஒன்றும் கேட்கவில்லையே.

காசுக் கணக்கையும் அவர்தான் சொன்னார். ஒரு தொண்டூழியருக்கு வாரம் 5,000 நேபாள ரூபாய் இல்லத்துக்கு வருமாம். நான்கு வாரத்துக்கு நம் பணத்தில் ஏறக்குறைய 650 வெள்ளி. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அந்த 650-ஐ நம்பித்தான் அங்கே அரிசி வாங்குகிறார்கள்.

ஊருக்கு வந்த பிறகுதான் தேடிப் படித்தேன். ஸ்காட்லாந்தில் 1940-ல் கார்ல் கோனிக் என்ற மருத்துவர் தொடங்கிய கேம்ப்ஹில் சமூகங்களில், மாற்றுத்திறனாளிகளோடு ஒரே வீட்டில் தங்கிப் பார்த்துக்கொள்ள வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கிறார்கள். பெரும்பாலும் பல மாதம் தங்க வேண்டும். தங்கும் அறையும் சாப்பாடும் கைச்செலவுக்குக் காசும் அவர்களே தருகிறார்கள். ஆனால் சேர்வதற்கு முன் குற்றப் பின்னணிச் சோதனை, பரிந்துரைப்பவர்கள், நேர்காணல் என்று துருவிவிடுவார்கள். நம் ஊரில் இதற்கான நன்னடத்தைச் சான்றிதழை விஸ்மா புத்ராவில் (வெளியுறவு அமைச்சு) வாங்கலாம். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் போனது.

அத்தை மகளிடம் மூன்று கேள்வி எழுதிக்கொடுத்து ஏஜென்சிக்கு அனுப்பச் சொன்னேன்: எந்த விசா, இல்லத்துக்கு எவ்வளவு போகிறது, நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டுமா? அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "எல்லாம் நாங்க பாத்துக்குவோம் தங்கச்சி. சட்டை எம் சைஸா, எல் சைஸா?"

நான் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது "அனுபவம் கெடச்சிருச்சில்ல" என்றார்கள். அதற்குப் பிறகு போனை எடுப்பதில்லை. சரி என்று பயனீட்டாளர் உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் மனு போட்டுவிட்டேன். கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளிவரை கோரலாம். மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். அடுத்த மாதம் விசாரணை. இதே மாடிப்படி ஏறிக் காசு கட்டியவர்கள் யாராவது இருந்தால், ரசீதையும் வாட்சாப் பேச்சையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு இன்பாக்ஸில் வாருங்கள்.