போர்டு இல்லாத மாடி வகுப்பு, கேரட் வெட்டிச் சொல்லித் தரும் கிராஃபிக்ஸ்

அக்கா மகன் இன்ஜினியரிங் முதல் வருஷம். இரண்டாவது செமஸ்டரில் இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ், அதாவது பொருட்களை அளவோடு தாளில் வரைகிற பேப்பர், முதல் இன்டர்னல் பரீட்சையில் நூற்றுக்குப் பதினெட்டு. வீட்டில் யாரும் பெரிதாகத் திட்டவில்லை, ஏனென்றால் நானும் அதே பேப்பரில் அரியர் வைத்துத்தான் டிகிரி வாங்கினேன், அக்கா அதை ஒரு தடவை நினைவுபடுத்திவிட்டு "உனக்குத் தெரிஞ்ச இடத்துல சேர்த்து விடுடா" என்றாள்.

கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிறு காலை மட்டும் நடக்கிற வகுப்பு. போர்டு கிடையாது, நோட்டீஸ் கிடையாது, பெயரே வைக்கவில்லை, அதனால் பெயர் கேட்காதீர்கள். எட்டு ஞாயிறுக்கு 3,500 ரூபாய். பையனை விட்டுவிட்டுத் திரும்பி வர அலுப்புப்பட்டு நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன், அதனால் இது காது வழிச் செய்தி இல்லை.

நடத்துகிறவர் பேராசிரியர் இல்லை, ஃபவுண்டரியில் பேட்டர்ன் ஷாப்பில் முப்பது வருஷம் இருந்தவர். பம்ப் உறை வார்க்க வேண்டுமென்றால் முதலில் அதை மரத்தில் செய்கிற ஆள். தாளில் தனித்தனியாகக் கிடக்கும் மூன்று படத்தையும் மண்டைக்குள் ஒரே பொருளாகச் சேர்க்கத் தெரியாவிட்டால் அந்த வேலையில் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது. கல்லூரியில் பையனுக்குக் கிடைக்காதது அதுதான். அங்கே ஸ்டெப் ஒன்று, ஸ்டெப் இரண்டு என்று போர்டில் போடுவார்கள், பிள்ளைகள் வரைபலகையில் டிராஃப்டர் என்ற கோடு போடும் கருவியை மாட்டிக்கொண்டு பார்த்து வரைவார்கள். கோடெல்லாம் சுத்தமாக இருக்கும், என்ன வரைந்தாய் என்று கேட்டால் முழிப்பான்.

முதல் வாரம் டிராஃப்டரை வெளியே எடுக்கவே விடவில்லை. 30 கேள்விகள் கொண்ட ஒரு தாள் கொடுத்தார். ஒரு கட்டை எப்படித் திரும்பியிருக்கிறது என்று காட்டி, இன்னொரு கட்டை அதே மாதிரி திரும்பினால் எப்படி இருக்கும் என்று ஐந்து படத்தில் தேடச் சொல்லும் கேள்விகள். 1970களில் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் உருவான சோதனை இது. அங்கேயே மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்தில் 1993 முதல், இதில் 60 சதவீதத்தைத் தாண்டாத முதல் வருஷப் பிள்ளைகளுக்கென்றே ஷெரில் சோர்பி என்ற பேராசிரியை தனி வகுப்பு நடத்தினார், இந்தத் திறமை பிறவியில் வருவது இல்லை, பழகினால் வரும் என்று காட்டியவர் அவர். நம்ம பையன் 13 வாங்கினான். மாஸ்டர் எதுவும் சொல்லாமல், ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டைகள் ஒரு டப்பாவைக் கையில் கொடுத்தார். கட்டு, திருப்பு, கையாலேயே வரை. ஸ்கேலைத் தொட்டால் "தம்பி, அதை உள்ளே வைங்க" என்று உடனே குரல் வரும். அப்புறம் துண்டால் மூடிய ஒரு மரத்துண்டு, கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்து முன், மேல், பக்கம் என்று மூன்று வியூவும் வரைய வேண்டும். நான் தப்பாகத்தான் வரைந்தேன்.

எச்.பி. (படுத்த தளம்), வி.பி. (நிற்கிற தளம்) விஷயத்தை இரண்டு அட்டையைக் கீல் போட்டு இணைத்துக் காட்டினார். நிற்கிற அட்டையில் முன்தோற்றம், படுத்த அட்டையில் மேல்தோற்றம், படுத்ததைத் தொண்ணூறு டிகிரி கீழே மடக்கினால், இரண்டும் சேரும் எக்ஸ்-ஒய் கோட்டுக்குக் கீழே மேல்தோற்றம் வந்து நிற்கிறது. மேலே இருந்து பார்த்ததை ஏன் கீழே வரைகிறோம் என்பது எனக்குப் பதினான்கு வருஷம் கழித்துப் புரிந்தது, வெட்கமாகத்தான் இருக்கிறது. இந்த மடக்கும் வித்தையை 1760களில் பிரான்சில் கோட்டை கட்டும் கணக்குக்காகக் கண்டுபிடித்த காஸ்பார் மோஞ்சை அப்போது வெளியே சொல்லவே விடவில்லையாம், ராணுவ ரகசியம். இங்கே சிலபஸில் இருந்தாலும் ரகசியமாகவே இருக்கிறது.

நான்காவது வாரம் கேரட். நுனி கூரானதாகப் பார்த்து வாங்கி வரச் சொல்லியிருந்தார். நேர் குறுக்கே ஒரு வெட்டு, வட்டம். கத்தியைக் கொஞ்சம் சாய்த்தால் நீள்வட்டம். எதிர்ப்பக்கச் சரிவுக்கு இணையாக இறக்கினால் பரவளையம், அச்சுக்கு இணையாக ஓரத்தில் சீவினால் அதிபரவளையம். வெட்டிய முகத்தை ஸ்டாம்ப் பேடில் ஒத்தித் தாளில் பதிக்கச் சொன்னார், நான்கு வளைவும் நீல மையில் வரிசையாக நின்றன. முதல் யூனிட்டில் எக்சென்ட்ரிசிட்டி (வளைவின் வடிவத்தைச் சொல்லும் எண்) மூன்றில் இரண்டு பங்கு என்று புள்ளி புள்ளியாக வைத்து வரைந்த நீள்வட்டமும் நான்காம் யூனிட்டில் வெட்டிய கூம்பின் முகமும் ஒரே சாமான் என்று அன்றுதான் பையனுக்குத் தெரிந்தது. டெவலப்மென்டுக்கு, அதாவது பொருளின் மேற்பரப்பைத் தட்டையாக விரித்து வரைவதற்கு, கடலைப் பொட்டலம். அடி விட்டம் 50, சரிவு 75 மில்லிமீட்டர் என்றால் விரிக்கிற காகிதம் 120 டிகிரி விசிறி. வரைந்து, வெட்டி, சுருட்டி, அதிலேயே கடலை போட்டுக் கொடுத்தார்.

இதெல்லாம் பரீட்சைக்கு மட்டும் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அமெரிக்கக் கஸ்டமர் அனுப்பிய தேர்டு ஆங்கிள் (மேல்தோற்றத்தை மேலேயே வரையும் முறை) டிராயிங்கை நம்ம ஊர் ஃபர்ஸ்ட் ஆங்கிள் (மேல்தோற்றம் கீழே வரும் முறை) என்று நினைத்துப் படித்து, வலப்பக்கம் வர வேண்டிய பாஸ் என்ற புடைப்பு இடப்பக்கம் வந்த பேட்டர்ன் ஒன்றை விறகாக்கியிருக்கிறேன். எந்த முறை என்று காட்ட மூலையில் இருந்த அந்தச் சின்னக் கூம்புக் குறியை யாருமே எனக்குச் சொல்லித் தந்ததில்லை. இவர் முதல் ஷீட்டிலேயே அதைப் போட வைக்கிறார்.

குறைகள் உண்டு. பன்னிரண்டு பேர் என்று சொல்லிச் சேர்த்தார், இப்போது இருபது பேர், ஒரே ஃபேன், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பதினோரு மணிக்கு மேல் ஷீட்டில் வியர்வை சொட்டும். தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரிகிற மாதிரி வரையும் பெர்ஸ்பெக்டிவை அரை மணி நேரத்தில் ஓட்டிவிட்டார், அவர் தொழிலில் அது தேவைப்படவில்லை போல. கம்ப்யூட்டரில் வரையும் ஆட்டோகேட் பேச்சே இல்லை. இம்பார்டன்ட் கேள்வி கேட்டால் கோபம் வருகிறது, நாளைக்குப் பரீட்சை என்று ஓடி வருகிறவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது. பத்து மணிக்கு முடியும் என்பதையும் நம்பாதீர்கள், பன்னிரண்டரை ஆகும்.

கடைசி வாரம் அதே மாதிரி இன்னொரு 30 கேள்வி, பையன் 21. இரண்டாவது இன்டர்னலில் 54, பெரிய மார்க் ஒன்றும் இல்லை, ஆனால் சாய்ந்து படுத்த அறுகோணப் பிரமிடை ஸ்டெப் பார்க்காமல் வரைந்துவிட்டு எந்த விளிம்பு மறைகிறது என்று எனக்கு விளக்குகிறான்.

சேர விரும்பினால் வகுப்பு தொடங்கும்போதே சேர்ந்துவிடுங்கள், நடுவில் வந்தால் எடுக்க மாட்டார். கேரட் ஃபீஸில் சேராது, கத்தியும் வீட்டிலிருந்துதான்.